வீட்டுக்குள் வந்த நாத யந்திரம்

ஒரு வாத்தியம் அரண்மனையிலும் ஆலயத்திலும் சபைகளிலும் ஒலித்துக்கொண்டிருக்கும் வரையில் அதன் சரித்திரத்தை எழுதுவதற்குச் சாசனங்களும் கணக்குப் புத்தகங்களும் பத்திரிகைக் குறிப்புகளும் துணைக்கு வருகின்றன. அதே வாத்தியம் சாமானியர் வீட்டுக்குள் நுழைந்து, மாடி அறையிலோ சாப்பாட்டு மேஜையின் ஓரத்திலோ இடம் பிடித்துக்கொண்ட பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. மின்சாரத்தால் நாதத்தை உற்பத்தி செய்யும் சிந்தசைசர் என்னும் கருவியைப் பற்றி இன்று வழங்கும் வரலாறுகளிற் பெரும்பாலானவை அதைப் படைத்த பொறியியல் வல்லுநர்களையும் அதை வாசித்துப் பிரசித்தி பெற்ற வித்வான்களையும் பற்றியவையாகவே இருக்கின்றன. அவர்களுடைய பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும், இந்தக் கருவி நடந்து வந்த அறுபது ஆண்டுப் பாதையைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவர், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் செய்தவர்கள் தீர்மானித்த போதிலும், அது உண்மையில் எதற்குப் பயன்படும் என்பதைக் கைப்பணம் கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்துக்கொண்டு, இரவில் கண்விழித்துத் திருகிப் பார்த்தவர்களே தீர்மானித்தார்கள் என்னும் முடிவுக்கு வராமல் இருக்க முடியாது.

தொடக்கத்தில் வீடு என்ற எண்ணமே இதில் இருக்கவில்லை. ஆர்.சி.ஏ. கம்பெனியார் செய்து, 1957-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிறுவிய மார்க்-2 என்னும் சிந்தசைசர் ஓர் அறையின் சுவர் நீளத்துக்கு அலமாரி அலமாரியாக நின்றது. காகிதச் சுருளில் துளையிட்டு, இந்த ஸ்வரம், இத்தனை நேரம், இந்த வன்மை என்று ஆணையிட்டால், யந்திரம் அந்தத் துளைகளைப் படித்து ஒலி எழுப்பும். மில்டன் பாபிட் போன்ற சாஸ்திரீயமான இசைப் புலவர்கள் அதனிடம் பொறுமையாக உழைத்தார்கள். ஆனால் அதன் அருகே செல்வதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தவர்கள் மிகச் சிலர்.

இந்த நிலையை மாற்றிய ராபர்ட் மூக், வீட்டுப் பட்டறையில் வளர்ந்தவர். 1934-இல் நியூயார்க்கில் பிறந்த அவரைப் பியானோ வித்வானாக்க வேண்டுமென்று தாயார் ஆசைப்பட்டார். மின்சாரக் கம்பெனியில் பொறியாளராக இருந்த தகப்பனாரோ வீட்டின் நிலவறையில் ஒரு பட்டறை வைத்திருந்தார். பையனின் மனம் பட்டறையையே நாடியது. கையால் தொடாமலே, இரண்டு உலோகக் கம்பங்களின் அருகே கையை அசைத்து வாசிக்கும் தெரமின் என்னும் ரஷ்ய வாத்தியத்தைப் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்துச் செய்து பழகிய அவர், பிற்பாடு தாமே அதைச் சீர்திருத்தி, 1961-இல் ஒரு மின்னணுப் பத்திரிகையில் கட்டுரை எழுதி, வாங்குபவர் தம் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளத்தக்க உதிரிப் பாகப் பெட்டியாக ஐம்பது டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் தபாலில் விற்றார். ஏறத்தாழ ஆயிரம் பெட்டிகள் போயின என்பார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் டாக்டர் பட்டத்துக்குப் படித்த செலவை இந்த வியாபாரமே தாங்கியது. முகம் தெரியாத ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பேர் சால்டரிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்தான் இந்தத் தொழிலின் முதல் மூலதனம் திரண்டது என்பதை நாம் மறக்கலாகாது.

1964-ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில், ஹெர்பர்ட் டாய்ஷ் என்னும் இசை ஆசிரியருடன் கூடி, இதாகா நகருக்கு அருகிலுள்ள ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் மூக் செய்து முடித்த காரியத்தின் சாரம் ஒரே ஒரு விதியில் அடங்கிவிடும். மின்னழுத்தம் ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பதே அவ்விதி. அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டாகப் பகுத்தால் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள் கிடைத்துவிடுகின்றன. அழுத்தத்தைத் தருவது பியானோவைப் போன்ற கட்டைகளாக இருக்கலாம், ஒலியலையை உண்டாக்கும் அலைப்பெட்டிகளுள் மெதுவாக ஆடும் ஒன்றாக இருக்கலாம், விரலை ஓட்டும் பட்டையாக இருக்கலாம். ஏறி இறங்குவதும் சுருதியாகவோ, ஒலியின் வன்மையாகவோ, நாதத்தின் கூர்மையைச் சீவி மழுங்கச் செய்யும் வடிகட்டியாகவோ இருக்கலாம். எதனால் எதை ஆட்டுவிப்பது என்பதைச் செய்தவர் முன்கூட்டியே நிச்சயிக்காமல், வாசிப்பவர் கையிலிருக்கும் இணைப்புக் கம்பிகளுக்கு விட்டுவிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் டான் புக்லா என்பவர் கட்டைகளையே விலக்கி, தொடுபலகைகளை வைத்து வேறொரு மார்க்கத்தில் சென்றார்; கலைஞர்கள் அவரைப் போற்றினார்கள், ஆனால் கடைகள் மூக்கின் வழியையே பின்பற்றின. பியானோக் கட்டை தெரிந்த வீடுகள் ஏராளமாக இருந்தன என்பதே அதற்குக் காரணம்.

இந்தக் கம்பி வலைப் பின்னலை உலகம் ஒரு வாத்தியமாக ஏற்றுக்கொண்டது 1968-இல் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' என்னும் இசைத்தட்டினால். வெண்டி கார்லஸ் என்ற இசைக் கலைஞர் அதை உருவாக்கியது பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று. நியூயார்க்கில் தாம் குடியிருந்த அடுக்கு வீட்டில், தாமே கூட்டிச் சேர்த்த எட்டுத்தட ஒலிப்பதிவுக் கருவியின் துணையுடன். அந்த உழைப்பின் தன்மையை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. மூக்கின் யந்திரம் ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டுமே எழுப்பும். ஆகையால் பாக் என்னும் பழைய ஐரோப்பிய இசைப் புலவர் எழுதிய மூன்று குரல், நான்கு குரல் இசையில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாசித்து, தனித்தனித் தடத்தில் பதிந்து, பின்னர் ஒன்றின்மேல் ஒன்றாக இணைக்க வேண்டும். அறையின் வெப்பம் சிறிது மாறினாலும் சுருதி நழுவிவிடும். சில கணங்கள் வாசித்துவிட்டு நிறுத்தி, சுருதியைச் சரிபார்த்து, மீண்டும் தொடர வேண்டும். இவ்விதமாகத் துளித்துளியாகச் சேர்ந்த இசைத்தட்டு மூன்று கிராமி விருதுகளைப் பெற்றதுடன், சாஸ்திரீய சங்கீதத்தைக் கேட்டறியாத லட்சக்கணக்கானவர் வீடுகளிலும் சுழன்றது. அதைக் கேட்ட இளைஞர் பலருக்கு, பாக்கைக் காட்டிலும் அந்த யந்திரத்தின் மீதே மோகம் பிறந்தது என்று எண்ண இடமிருக்கிறது.

நம் நாட்டுக்கும் அந்த யந்திரம் விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1969-இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மூக் சிந்தசைசரையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் அமைத்துத் தந்தார். கீதா சாராபாயும் வேறு சிலரும் அதில் சில ஆண்டுகள் பரிசோதனை செய்தார்கள். பின்னர் அந்த அறை மௌனமாகிவிட்டது. அங்கே பதிந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கழகத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து மீண்டும் வெளிப்பட்டன. ஒரு ஸ்தாபனத்தின் கூரைக்குக் கீழே இருந்ததனால் அந்த நாடாக்கள் பிழைத்தன. இதை ஒரு காரணம் பற்றியே இங்கே குறிப்பிடுகிறேன். அதைப் பின்னர்ச் சொல்வேன்.

லண்டனிலோ கதை வேறு விதமாகப் போயிற்று. பட்னியில் தேம்ஸ் நதிக்கரையிலிருந்த தம் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் பீட்டர் சினோவியெஃப் ஓர் இசைப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தார். வீடு ஒன்றில் கம்ப்யூட்டர் இருப்பது கேள்விப்படாத அந்நாளில், மனைவியின் மண மகுடத்தை விற்ற பணத்தில் அவர் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கொட்டகையில் வைத்தார் என்பது அந்த ஊர் அறிந்த செய்தி. அந்தக் கூடத்தை நடத்தப் பணம் வேண்டியிருந்தது. அதற்காக அவரும், டேவிட் காக்கரெல் என்ற இளம் பொறியாளரும், டிரிஸ்ட்ரம் கேரி என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து 1969-இல் விசிஎஸ்-3 என்ற சிறிய மரப்பெட்டிச் சிந்தசைசரை 330 பவுனுக்கு விற்கத் தொடங்கினார்கள். மூக்கின் பெரிய யந்திரம் பல்லாயிரம் டாலர் விலையுள்ளதாக இருந்தபோது இது ஓர் ஆசிரியர் துணிந்தால் வாங்கத்தக்க விலை. இதில் இணைப்புக் கம்பியே கிடையாது. பல்லாங்குழிப் பலகை போல் குழிகள் நிறைந்த ஒரு சதுரத்தில், நிரைக்குப் பதினாறாகப் பதினாறு நிரைகள். பக்கவாட்டில் ஒலி பிறக்கும் இடங்களின் பெயர்கள், மேலே அது போய்ச் சேரும் இடங்களின் பெயர்கள். இரண்டும் சந்திக்கும் குழியில் ஒரு சிறிய ஊசியைச் செருகினால் இணைப்பு ஆயிற்று. ஓர் ஊசியைத் தவறான குழியில் வைத்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை, எதிர்பாராத ஒலி ஒன்று கிடைக்கும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இது பரவியதற்கு இந்த அபய குணமே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் 1970-இல் வெளிவந்த மினிமூக், அந்தத் தொழிற்சாலையின் பொறியாளர் பில் ஹெம்சாத் ஒதுக்கிப் போட்டிருந்த உதிரிப் பாகங்களைக் கூட்டிச் சேர்த்த மாதிரியிலிருந்து பிறந்தது. மூன்று அலைப்பெட்டிகள், ஒரு வடிகட்டி, நாற்பத்து நான்கு கட்டைகள். கம்பியெல்லாம் உள்ளேயே பிணைக்கப்பட்டு, கையில் தூக்கிச் செல்லும் பெட்டியாயிற்று. விலை 1,495 டாலர். பியானோவும் ஆர்கனும் கித்தாரும் விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர்கள் இதைக் கண்ணாடி அலமாரியில் வைக்கத் தயங்கினார்கள். டேவிட் வான் கோவெரிங் என்ற விற்பனையாளர் ஊர் ஊராகச் சென்று, கடை கடையாக ஏறி, வாசித்துக் காட்டி விற்றார். ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஆர்டர் கொடுத்துச் செய்விக்கும் யந்திரம் என்ற நிலை அன்றோடு முடிந்து, கடையில் பார்த்து, தட்டிப் பார்த்து, வீட்டுக்கு எடுத்துப் போகும் வாத்தியம் என்ற நிலை ஏற்பட்டது.

கடல் கடந்து ஜப்பானுக்குச் செல்லும்போது இந்த வரலாறு வேகம் கொள்கிறது. இசையமைப்பாளர் இஸாவோ டோமிட்டா 1971 வாக்கில் தம் சொந்தப் பணத்தைச் செலவழித்து ஒரு பெரிய மூக் யந்திரத்தை வரவழைத்தபோது, அது இசைக்கருவி என்பதைச் சுங்க அதிகாரிகள் நம்பவில்லை என்றும், கார்லஸின் இசைத்தட்டு உறையிலுள்ள படத்தைக் காட்டியும் பொருள் உடனே விடுவிக்கப்படவில்லை என்றும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வாசிக்கக் கற்றுக்கொடுப்பார் எவருமின்றி, வீட்டில் அதனோடு தனியே போராடி, 1974-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் இசையை அவர் புதுக்கோலத்தில் வெளியிட்டார்.

ஆனால் ஜப்பானின் உண்மையான பங்கு விலையைக் குறைத்ததில் இருக்கிறது. அதற்கு வழி வகுத்தவர்களுள் ஒருவரான இகுதாரோ ககேஹாஷி, கைக்கடிகாரம் பழுது பார்த்துத் தொழிலைத் தொடங்கியவர். இளமையில் க்ஷயரோகத்தால் சானடோரியத்தில் ஆண்டுக் கணக்கில் படுத்திருந்து, உயிர் பிழைத்து எழுந்து, ரேடியோக் கடை வைத்து, ஆர்கன் செய்து, 1972-இல் ஒசாகாவில் ரோலண்ட் கம்பெனியை நிறுவினார். கோர்க் கம்பெனியார் 1978-இல் வெளியிட்ட எம்எஸ்-20, எம்எஸ்-10 என்னும் சிறு யந்திரங்கள், இணைப்புக் கம்பியின் சுதந்திரத்தை மாணவர் வாங்கும் விலைக்குக் கொண்டு வந்தன. டெட்ராயிட் நகரில் ஹுவான் அட்கின்ஸ் என்ற கறுப்பின இளைஞனுக்கு அவனுடைய பாட்டி ஓர் எம்எஸ்-10 வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு கருவியோடு படுக்கையறையில் தாளமும் மந்தர ஸ்தாயியும் தானே அமைத்துப் பழகிய அவர், 1981-இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து முதல் இசைத்தட்டை வெளியிட்டார். டெக்னோ என்று உலகம் இன்று அறியும் இசை அங்கிருந்து கிளைத்தது. பேரனுக்கு அந்தப் பாட்டி வாங்கித் தந்த பொருளுக்கு, எந்தச் சர்வகலாசாலை வாங்கிய யந்திரத்துக்கும் இல்லாத சந்ததி உண்டாயிற்று.

இதனினும் ஆச்சரியமான நிகழ்ச்சி கணக்குப் பொறி செய்துகொண்டிருந்த காசியோ கம்பெனியைச் சார்ந்தது. சங்கீதம் கற்காதவரும் வாசித்து மகிழ வேண்டும் என்ற எண்ணத்துடன் 1980-இல் காசியோடோன் 201 என்ற கருவியுடன் இசைத்துறையில் இறங்கிய அக்கம்பெனி, அதே ஆண்டில் குனிதாச்சி இசைக் கல்லூரியில் படித்து முடித்திருந்த ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண்ணை வேலைக்கு அமர்த்தியது. ஜமாய்க்கா தீவின் ரெகே இசையைப் பற்றி ஆய்வேடு எழுதியவர் அவர். எம்டி-40 என்ற சிறிய கீபோர்டில் விசையைத் தட்டியவுடன் தானே ஓடும் தாளங்களை அமைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. 'ராக்' என்று பெயரிட்ட ஒரு தாளத்துக்கு அவர் இயற்றிய மந்தர ஸ்தாயி வரிசை, அவர் மனத்தில் ஊறியிருந்த ரெகேயின் நடையைத் தன்னுள்ளே மறைத்துக்கொண்டு, உலகெங்கும் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டிகளுள் அடங்கிக் கிடந்தது. கிங்ஸ்டன் நகரில் நோயல் டேவி, வெய்ன் ஸ்மித் என்ற இரு இளைஞர்கள் அத்தகைய ஒரு பெட்டியின் விசைகளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது வெளிப்பட்டது. கிங் ஜாமி என்ற ஒலிப்பதிவாளர் அதன் வேகத்தைக் குறைத்துப் பதிந்தார். 1985-இல் வெளிவந்த அந்த ஒரு பாட்டோடு ஜமாய்க்காவின் இசை, வாத்திய கோஷ்டியிலிருந்து மின்னணுக் கருவிக்கு மாறிற்று என்பார்கள். அதே தாளத்தின் மீது நூற்றுக்கணக்கான பாடல்கள் பின்னர்ப் பிறந்தன. ஜமாய்க்காவின் மீது காதல் கொண்டு ஜப்பானில் ஒரு பெண் எழுதியது, ஒரு விளையாட்டுப் பொருளின் வழியாக ஜமாய்க்காவுக்கே திரும்பி வந்து சேர்ந்த இந்தச் செய்தியை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

ரோலண்ட் கம்பெனியில் தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்த டிபி-303 என்ற வெள்ளிநிறச் சிறு பெட்டியும் வீட்டுக்கென்றே செய்யப்பட்டது. தனியே கித்தார் பழகுபவருக்குப் பக்கத்தில் பேஸ் கித்தார் வாசிக்க ஓர் ஆள் இல்லாத குறையை நீக்குவதே அதன் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறவில்லை. ஸ்வரங்களை முதலில் ஒரு முறையிலும், அவற்றின் கால அளவைப் பின்னர் வேறொரு முறையிலும் பதிய வேண்டும் என்ற அதன் ஒழுங்கு, கித்தார்க்காரர்களின் பொறுமையைச் சோதித்தது. எழும்பிய ஒலியோ கித்தாரை நினைவூட்டவில்லை. சுமார் பத்தாயிரம் பெட்டிகள் செய்தபின் 1984-இல் உற்பத்தி நின்றது. அதே கம்பெனியின் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியும், தரக் குறைவென்று ஒதுக்கப்பட்ட ஒருவகை டிரான்சிஸ்டரைத் தேடி வாங்கி அதன் குறையையே குணமாக்கிக்கொண்டு ஒலித்து, சுமார் பன்னிரண்டாயிரத்தோடு 1983-இல் முடிந்தது. விற்காத பெட்டிகள் பழைய சாமான் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் போயின. புதுச் சிந்தசைசருக்குப் பணமில்லாத சிகாகோ இளைஞர் மூவர் அத்தகைய ஒரு 303-ஐச் சொற்ப விலைக்கு வாங்கி, எப்படிப் பதிவது என்ற புத்தகமும் இன்றி, ஓடும் ஸ்வர வரிசையை நிறுத்தாமலே குமிழ்களைத் திருகத் தொடங்கினார்கள். வடிகட்டியின் வாய் திறந்து மூட, நாதம் கீச்சிட்டும் முனகியும் உருமாறிற்று. ஃப்யூச்சர் என்ற பெயரில் அவர்கள் 1987-இல் வெளியிட்ட நீண்ட ஒலிப்பதிவிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்னும் ஒரு சம்பிரதாயமே உண்டாகி, சில ஆண்டுகளில் ஐரோப்பாவை ஆட்கொண்டது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயில் ஒருவர் இதே பெட்டிகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தார். ஹிந்திப் பட வாத்திய கோஷ்டிகளில் கித்தாரும் கீபோர்டும் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 303, 808 இரண்டையும் ஜூபிடர்-8 என்ற சிந்தசைசரையும் வாங்கி, வீட்டில் ராகங்களை வாசித்துப் பார்த்தார். 303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஒரு வசதி உண்டு. ஜப்பானியர் அதை எந்தக் கித்தாரை நினைத்து அமைத்தார்களோ தெரியாது, ஹிந்துஸ்தானி வித்வான்கள் மீண்ட் என்று சொல்லும் ஜாருவுக்கு அது தானாகவே இடம் கொடுத்தது. பைரவியும் யமனும் மால்கௌன்ஸும் உட்படப் பத்து ராகங்கள் அடங்கிய அவருடைய இசைத்தட்டை 1982-இல் எச்.எம்.வி. வெளியிட்டது. விற்பனை அற்பம். 2010-இல் ஹாலந்து தேசத்து ரசிகர் ஒருவரின் முயற்சியால் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் திகைத்தது. சிகாகோக்காரர்கள் இவரை அறியார்கள், இவரும் அவர்களை அறியார். ஒரே பெட்டி இரண்டு வீடுகளுக்குப் போய், ஒன்றில் நாட்டியக் கூடத்தின் வெறியாகவும் மற்றொன்றில் ராக ஆலாபனையாகவும் மலர்ந்தது. முதலில் செய்தவர் யார் என்று வழக்காடுவதை விட, இரண்டு இடத்திலும் அறிவுறுத்தும் புத்தகம் எண்ணாத ஒன்றையே வீடு செய்தது என்பதைக் கவனிப்பது பயன் தரும்.

1983-ஆம் ஆண்டு இரண்டு பெரிய காரியங்களைக் கண்டது. அதுவரை ஒரு கம்பெனியின் யந்திரம் மற்றொரு கம்பெனியின் யந்திரத்தோடு பேசாது. கலிபோர்னியாவின் டேவ் ஸ்மித்தும் ககேஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்து, மிடி என்னும் பொதுப் பாஷையை உருவாக்கினார்கள். ஐந்து ஊசி கொண்ட ஒரு சாதாரணக் கம்பியால், பதினாறு யந்திரங்களை வெவ்வேறு வழியில் ஒருவரே நடத்தலாம் என்றாயிற்று. இதற்கு எவரும் கட்டணம் வசூலிக்கவில்லை. வியாபார உலகில் இத்தகைய தர்மம் அபூர்வம். அதே ஆண்டில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்.எம். என்னும் ஒலி உண்டாக்கும் முறையை உரிமம் பெற்று யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்-7, ஒரே சமயத்தில் பதினாறு ஸ்வரங்களை ஒலித்து, 1,995 டாலருக்கு விற்று, லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளையும் மேடைகளையும் அடைந்தது. குமிழ்கள் மறைந்து, சிறு எழுத்துத் திரையும் தட்டும் பொத்தான்களும் வந்தபடியால், புது ஒலி செய்யும் பழக்கம் தேய்ந்து, கொடுத்த ஒலியை வாசிக்கும் பழக்கம் வளர்ந்தது. அது எனக்கு ஒரு நஷ்டமாகவே படுகிறது.

தமிழ்நாட்டில் இந்த மாறுதலின் விளைவு யாவரும் அறிந்தது. மலையாளப் பட இசையில் உழைத்த ஆர்.கே.சேகர் 1976-இல் காலமான பிறகு, அவர் வைத்துப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டே அவருடைய குடும்பம் ஜீவனம் நடத்தியது. அவருடைய குமாரர் ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே தம் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்து, விளம்பர இசையில் கைபழகி, 1992-இல் 'ரோஜா'வை வெளிக்கொணர்ந்தார். அந்தக் கூடத்துக்கும் முன்னதாக, வேறொரு திசையில், பெங்களூரில் புல்லாங்குழல் பயின்ற விமானப் பொறியாளர் ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுச் சுருதிப் பெட்டியைச் செய்திருந்தார். தொடர்ந்து ஓர் ஆதார சுருதியை மட்டும் ஒலிக்கும் அந்தப் பெட்டியைச் சிந்தசைசர் என்று நாம் அழைப்பதில்லை. ஆயினும் மின்சாரத்தால் நாதத்தை உண்டாக்கி வீட்டில் வைத்துக்கொள்வது என்ற வழக்கம் கர்நாடக சங்கீதக் குடும்பங்களுக்கு அதன் வழியாகவே பழக்கமாயிற்று.

பின்னர்க் கம்ப்யூட்டருக்குள்ளேயே சிந்தசைசர் அடங்கிவிட்டது. அப்படியும் பெட்டி சாகவில்லை. மியூனிக் நகரை அடுத்த ஓர் ஊரில் டீட்டர் டோப்ஃபர் 1995 அளவில், 128.5 மில்லிமீட்டர் உயரம் என்று அளவு வகுத்து, கம்பியால் இணைக்கும் தனித்தனிச் சிறு பெட்டிகளை மறுபடி தொடங்கினார். அந்த அளவை ஏற்று இன்று நூற்றுக்கணக்கான சிறு உற்பத்தியாளர்கள் உலகெங்கும் பாகங்கள் செய்கிறார்கள். கோர்க் கம்பெனி 2013-இல் எம்எஸ்-20-ஐச் சற்றுச் சிறிய உருவில் மீண்டும் வார்த்தது. ஒரு காலத்தில் அடகுக் கடையில் தூசி படிந்து கிடந்த 303 இன்று பெரும் விலை பெறுகிறது. புதிதாக வாங்க விரும்பும் இளைஞர் அந்த விலையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பெட்டி ஒன்றை எடுத்து, அதன் ஒவ்வொரு குமிழும் என்ன செய்கிறது என்று காது அறியும் வரையில் அதனோடு பழகுவது, அலமாரி நிறையக் கருவி சேர்ப்பதைக் காட்டிலும் மேலான அப்பியாசம்.

நான் பின்னர்ச் சொல்வதாகக் கூறிய காரணம் இதுதான். ஆமதாபாத்தின் நாடாக்கள் ஒரு ஸ்தாபனத்தில் இருந்ததனால் பிழைத்தன. வீடுகளிலோ காப்பகம் இல்லை. எண்பதுகளில் சென்னைத் திரையிசையில் கீபோர்டு வாசித்த கலைஞர்கள் தம் கைப்பட அமைத்துச் சேமித்த ஒலிகள், அந்த யந்திரங்களின் நினைவில், ஒரு நாணயம் அளவேயான பாட்டரியின் தயவில் நிற்கின்றன. டிஎக்ஸ்-7 போன்றவற்றில் அந்தப் பாட்டரி தீர்ந்தால் அவ்வொலிகள் ஒரு சுவடுமின்றி மறைந்துபோகும். ஆகையால் பரணில் அத்தகைய பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பழைய சாமான்காரரை அழைப்பதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பெட்டி நூறு அல்லது நூற்றுப் பதினேழு வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதாக இருக்கலாம். பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து, மின்மாற்றி இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள். விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு, உள்ளிருக்கும் ஒலிகளை மிடி கம்பி வழியாகவோ காசெட் வழியாகவோ முதலில் வெளியே எடுத்துக்கொண்டு, அதன் பிறகே பாட்டரியை மாற்றுங்கள். இது எந்த ஆண்டில், எந்த ஊரில் வாங்கியது, யார் வாசித்தார், எந்தப் படங்களுக்கு வாசித்தார் என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள்.